நல்ல கலெக்டரின் வரலாறு யாருடைய வரலாறு?

அண்மையில் ஒரு காணொளியை நானும் பகிர்ந்தேன். ஒரு மாவட்ட ஆட்சியர் ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஒன்றில் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு மதிய உணவு சாப்பிடுகிறார். பின்னணியில் உருக்கமான இசை. கீழே நூற்றுக்கணக்கான பின்னூட்டங்கள். ‘ரியல் ஹீரோ’, ‘மாவட்டத்துக்கு இப்படி ஒருத்தர் இருந்தால் போதும்.’ எனக்கும் கண் கலங்கத்தான் செய்தது.

நண்பர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு இரண்டே கேள்விகள் கேட்டார். “அந்தப் பள்ளிக்கூடத்துல கக்கூசுக்குக் கதவு இருக்கா தோழர்? இவரு மாத்தலாகிப் போயிட்டா அந்தப் பிள்ளைங்க யாரைப் போய்க் கேட்கும்?”

என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்விகள், நான் அப்போது படித்துக்கொண்டிருந்த ஒரு புத்தகத்தை வேறு கண்ணோடு பார்க்க வைத்தன. பிலிப் மேசன் என்ற முன்னாள் ஐ.சி.எஸ். அதிகாரி, ஃபிலிப் வுட்ரஃப் என்ற புனைபெயரில் எழுதிய ‘இந்தியாவை ஆண்ட மனிதர்கள்’ என்ற இரண்டு பாக ஆங்கில நூல் அது. நல்ல கலெக்டர் என்ற பிம்பம் எங்கிருந்து வந்தது, அதை யார் எழுதினார்கள், அதில் நமக்கு என்ன இடம் என்று தெரிந்துகொள்ள விரும்பும் இளம் தோழர்கள் இந்த மனிதரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மேசன் 1906இல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் பேலியல் கல்லூரியில் படித்து 1928இல் ஐ.சி.எஸ். பணியில் சேர்ந்தார். அன்றைய ஐக்கிய மாகாணத்தில் வேலை பார்த்தார். 1936 முதல் 1939 வரை இமயமலையோரக் கர்வால் மாவட்டத்தின் துணை ஆணையர்; நம் ஊர்க் கணக்கில் கலெக்டர். போர்க்காலத்தில் டெல்லியில் ராணுவத் துறையில் உயர் பொறுப்புகள். 1947இல் பிரிட்டிஷ் ஆட்சி முடிந்தபோது அவருக்கு வயது 41. ஊருக்குத் திரும்பியவர் பேனாவை எடுத்தார். 1953இல் முதல் பாகம், 1954இல் இரண்டாம் பாகம். பிறகு இந்திய ராணுவத்தின் வரலாறு, கிப்ளிங்கைப் பற்றி ஒரு நூல், தன் வரலாறு என்று எழுதிக்கொண்டே இருந்தார். 1999இல் இறந்தார்.

அவர் மோசமான எழுத்தாளர் அல்லர். உண்மையைச் சொன்னால், படிக்கப் படிக்கக் கீழே வைக்க முடியாத நடை. கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகர்கள் முதல் கடைசி ஐ.சி.எஸ். அதிகாரி வரை ஒவ்வொருவராக மேடைக்கு வருகிறார்கள். குதிரையில் போகிறார்கள், கூடாரம் அடிக்கிறார்கள், மரத்தடியில் உட்கார்ந்து வழக்கு கேட்கிறார்கள், பஞ்சத்தில் அலைகிறார்கள், காய்ச்சலில் சாகிறார்கள். வரலாறு என்பது இங்கே வாழ்க்கை வரலாறுகளின் வரிசை. ஆட்சி என்ற பெரிய எந்திரம் கண்ணில் படாது. அதை ஓட்டிய மனிதர்களின் நல்ல மனமும் கெட்ட மனமும் மட்டுமே கண்ணில் படும். அந்த எழுத்து முறையிலேயே ஓர் அரசியல் இருக்கிறது.

இரண்டாம் பாகத்துக்கு அவர் வைத்த பெயர் ‘காவலர்கள்’. நம் ஊர்க் காவல் நிலையத்துக் காவலர் அல்ல. கிரேக்கச் சிந்தனையாளர் பிளேட்டோ தன் ‘குடியரசு’ நூலில் கற்பனை செய்த காவலர். பிளேட்டோவின் நாட்டில் ஆள்வதற்கென்றே ஒரு கூட்டம் இளமையில் தேர்ந்தெடுக்கப்பட்டு, தனியாகப் பயிற்றுவிக்கப்படும். எது நல்லது என்பது அவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் அவர்கள் சொல்வதைக் கேட்டு நடந்தால் போதும். ஐ.சி.எஸ். அதிகாரிகள் அப்படிப்பட்டவர்கள் என்பது மேசனின் வாதம். சுமார் ஆயிரம் பேர் ஒரு துணைக்கண்டத்தை ஆண்டார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவர்கள். தாங்கள் சரி என்று நினைத்ததைச் செய்தார்கள். ஆளப்பட்டவர்களுக்குப் பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை.

தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று மனிதர்களைப் பிரிக்கும் பிளேட்டோவின் கதையைக் கேட்டவுடன் நமக்கு என்ன நினைவு வர வேண்டும்? முகம், தோள், தொடை, பாதம் என்ற இன்னொரு கதை. இரண்டும் ஒன்றல்ல. பிளேட்டோ பிறப்பை மட்டுமே அளவுகோலாக வைக்கவில்லை. ஆனால் ஆள்வதற்கென்று ஒரு வகை மனிதர், அடங்கிப் போவதற்கென்று இன்னொரு வகை மனிதர் என்ற அடித்தளம் ஒன்றுதான்.

இந்த ஒற்றுமையைப் பார்த்தவர் அம்பேத்கர். மேசனின் நூல் வருவதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே, 1936இல், ‘சாதியை ஒழித்தல்’ நூலில் அவர் பிளேட்டோவை எடுத்துக்கொண்டு விவாதிக்கிறார். பிறப்பால் அல்ல, குணத்தால் வருணம் என்று பேசியவர்களுக்கான பதில் அது. மனிதர்களை மூன்று நான்கு பெட்டிகளில் அடைத்துவிட முடியாது, ஒவ்வொரு மனிதருக்குள்ளும் பல இயல்புகளும் ஆற்றல்களும் இருக்கின்றன, அதைப் புரிந்துகொள்ளாததுதான் பிளேட்டோவின் பிழை என்பது அவர் வாதம். பிளேட்டோவின் பெயரால் எழுப்பப்படும் எந்த ‘நல்ல ஆள்வோர்’ கோட்டைக்கும் இந்தப் பதில் பொருந்தும். லண்டனில் மேசன் அந்தக் கோட்டையைக் கட்டுவதற்கு முன்பே, பம்பாயில் ஒரு மகர் சாதியில் பிறந்தவர் அதன் அடிக்கல்லை உருவிவிட்டிருந்தார்.

இப்போது கர்வாலுக்கு வாருங்கள். மேசன் கலெக்டராக இருந்த காலத்தில் அந்த மலைகளில் ஒரு போராட்டம் நடந்துகொண்டிருந்தது. டோலா பால்கி என்று பெயர். சில்ப்கார் என்று அழைக்கப்படும் அங்குள்ள தலித் மக்கள் தங்கள் திருமண ஊர்வலத்தில் மணமக்களைப் பல்லக்கில் கொண்டுபோகக் கூடாது என்பது ஆதிக்கச் சாதியினரின் கட்டளை. மீறியவர்களின் ஊர்வலங்கள் தாக்கப்பட்டன. ஜெயானந்த பாரதி போன்றவர்களின் தலைமையில் அந்த மக்கள் இருபது ஆண்டுகள் அளவில் இதற்காகப் போராடினார்கள். 1941இல், இந்தக் கொடுமை தீரும்வரை கர்வாலில் சத்தியாக்கிரகம் வேண்டாம் என்று காந்தி நிறுத்திவைக்கும் அளவுக்கு அது பெரிதாகியிருந்தது. பல்லக்கு என்பது அங்கே வெறும் பல்லக்கு இல்லை. நம் ஊரில் மாப்பிள்ளை ஊர்வலம், குதிரை, செருப்பு, தோளில் துண்டு, இன்றைக்கு புல்லட் வண்டி என்று எதற்கெல்லாம் அடி விழுகிறதோ அதே கணக்கு.

அந்தப் போராட்டத்தை நடத்தியவர்களின் வாழ்க்கை வரலாறுகள் எத்தனை நமக்குக் கிடைக்கின்றன? ஆண்டவர்களின் வரலாறு இரண்டு பாகங்களாக, அழகான நடையில் கிடைக்கிறது. பல்லக்கில் ஏறத் துணிந்த மணப்பெண்ணின் பெயர்கூட நமக்குத் தெரியாது. மேசன் நல்லவரா கெட்டவரா என்பதை இது தீர்மானிக்காது. ஒரு மாவட்டத்தில் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களில் யாருக்குப் பேனாவும் ஓய்வூதியமும் பதிப்பகமும் கிடைத்தன என்பதே பிரச்சினை.

இந்த இடத்தில் சிலர் என்னை மறிப்பார்கள் என்று தெரியும். ‘வெள்ளைக்காரன் வரலைன்னா நாம படிச்சிருப்போமா தோழர்?’ இது நம் இயக்கத்துக்குள்ளேயே இருக்கும் குரல். அதில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதியை நாம் விட்டுத்தர முடியாது. மனு சொன்னதைச் சட்டம் என்று வைத்திருந்த ஊரில், எல்லோருக்கும் ஒரே தண்டனைச் சட்டம் வந்தது. பள்ளிக்கூடக் கதவு, அரைகுறையாகவேனும், திறந்தது. காலனி ஆட்சியை எதிர்க்கிறோம் என்ற பெயரில் பழைய பொற்காலக் கதை சொல்ல வருகிறவர்களோடு நாம் சேர முடியாது.

ஆனால் மறு பாதியை அம்பேத்கரே சொல்லியிருக்கிறார். 1930 நவம்பரில் லண்டன் வட்டமேசை மாநாட்டில், பேரரசின் அமைச்சர்கள் எதிரில் நின்று பேசினார். உடன் போயிருந்த ஒடுக்கப்பட்டோர் பிரதிநிதி நம் இரட்டைமலை சீனிவாசன். ஆங்கிலேயர் வருவதற்கு முன்னால் எங்களால் ஊர்க் கிணற்றில் நீர் எடுக்க முடியவில்லை, கோயிலுக்குள் நுழைய முடியவில்லை, போலீசில் சேர முடியவில்லை. இத்தனை ஆண்டு ஆட்சியில் இவற்றில் எதை மாற்றினீர்கள் என்பதே அந்தப் பேச்சின் சாரம். ராணுவத்தைப் பற்றியும் கேட்டார். அவர் தந்தை சுபேதாராக இருந்த அதே ராணுவம், ‘வீர இனங்கள்’ என்று சாதிகளைத் தரம்பிரித்து, 1890களின் தொடக்கத்தில் மகர்களைச் சேர்ப்பதையே நிறுத்தியிருந்தது. சாதியை ஆங்கிலேயர் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் தங்கள் வசதிக்கு ஏற்றபோது அதற்கு அரசாங்க முத்திரை குத்திக்கொடுத்தார்கள். வசதி இல்லாதபோது ‘இது உங்கள் வழக்கம்’ என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

நம் மண்ணில் இதற்கு ஒரு சான்று இருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர். 1891இல் பறையர் மக்களின் நிலை குறித்து அவர் எழுதிய அறிக்கை நேர்மையானது. சொந்த நிலம் இல்லாமல், குடியிருக்கும் மனைகூட மிராசுதாரின் தயவில் இருக்கும் நிலையை அவர் எழுத்தில் வைத்தார். அவர் பரிந்துரைத்ததில் பலவற்றை மேலிடம் ஏற்கவில்லை. ஆனாலும் 1892 செப்டம்பரில் வந்த 1010ஆம் எண் அரசாணையின் வழியே ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கப்படத் தொடங்கியது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை.

டிரெமன்ஹீரின் பெயரை நாம் நன்றியோடுதான் சொல்கிறோம், சொல்வோம். ஆனால் அதே 1891இல் நீலகிரியில் அயோத்திதாசப் பண்டிதர் மாநாடு கூட்டி, கல்வியும் உரிமையும் கேட்டுத் தீர்மானங்கள் போட்டார். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். மிஷனரிகள் அரசை நெருக்கினார்கள். அடியில் இத்தனை குரல்கள் எழுந்துகொண்டிருந்த காலம் அது. மேசன் பாணியில் அந்த வரலாற்றை எழுதினால் என்ன ஆகும்? ஒரு நல்ல கலெக்டர் வந்தார், பார்த்தார், இரங்கினார், கொடுத்தார். குரல்கள் எல்லாம் கூடாரத்துக்கு வெளியே நின்றுவிடும்.

கொடுத்தது என்ன ஆனது? நிபந்தனை காகிதத்தில் இருந்தது. நிலம் பெரும்பாலும் கைமாறிப் போனது. அதை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் உயிரிழந்தார்கள். காரணை நிலத்துக்கான போராட்டம் அது. நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நல்ல கலெக்டர் அறிக்கை எழுதிய அதே செங்கல்பட்டு. நல்ல மனிதர் எழுதிய ஆணையைக் காப்பாற்றும் அதிகாரம் அந்த மக்கள் கையில் இல்லை என்றால் கடைசியில் என்ன மிஞ்சும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. நண்பர் என்னிடம் கேட்டதும் இதைத்தான். அவர் மாற்றலாகிப் போன பிறகு யாரைக் கேட்பது?

மேசனின் கதையில் இன்னொரு பாதி இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கும் அநியாயம், நமக்கும் நட்டம். 1952இல் அவர் லண்டனில் சாத்தம் ஹவுஸ் நிறுவனத்தில் இன உறவுகள் குறித்த ஆய்வுக்குப் பொறுப்பேற்றார். 1958இல் அந்தத் துறை இன உறவுகள் நிறுவனம் என்ற தனி அமைப்பானது. 1969 வரை அவரே இயக்குநர். இந்தியாவை ஆண்ட அனுபவத்தோடு அவர் ஆப்பிரிக்காவையும் பிரிட்டனின் நிறவெறியையும் ஆராய்ந்தார். 1970இல் வெளிவந்த அவரது ‘ஆதிக்கத்தின் வடிவங்கள்’ நூலில் இந்தியச் சாதியையும் தென்னாப்பிரிக்க நிறவெறியையும் லத்தீன் அமெரிக்காவின் இன அடுக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். பேரரசின் காவலர்களைப் புகழ்ந்தவர் ஆதிக்கம் எப்படி இயங்குகிறது என்று கேட்கும் இடத்துக்கு வந்தார். அந்த நகர்வு உண்மையானது, அதை மதிக்கிறேன்.

ஆனால் நிறுவனம்? பெரிய அறக்கட்டளைகளும் ஆப்பிரிக்காவில் முதலீடு வைத்திருந்த கம்பெனிகளும் அதற்குப் பணம் கொடுத்தன. அதன் ஆட்சிக்குழுவில் மேட்டுக்குடியினர். கறுப்பின மக்களை ஆய்வு செய்து, அரசுக்கும் முதலாளிகளுக்கும் யோசனை சொல்வது வேலை. காவலர்கள் ஊர் மாறியிருந்தார்கள், வேலை அதேதான்.

1964இல் அந்த நிறுவனத்தின் நூலகத்துக்கு ஒரு தமிழர் வேலைக்கு வந்தார். அம்பலவாணர் சிவானந்தன். யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயை வேராகக் கொண்ட குடும்பம். 1958இல் தமிழருக்கு எதிராக இலங்கையில் நடந்த வன்முறையைப் பார்த்துவிட்டு நாட்டைவிட்டுப் போனார். லண்டனில் இறங்கியபோது நாட்டிங் ஹில்லில் கறுப்பின மக்கள் மீது வெள்ளைக் கும்பல்களின் தாக்குதல். வங்கியில் வேலை பார்த்த பட்டதாரிக்கு அங்கே கிடைத்தது ஒரு நூலகத்தில் தேநீர் கொடுக்கும் வேலை. இரவில் படித்து நூலகரானார். நிறுவனத்தில் அலமாரிகளை அடுக்கினார். கறுப்பின இயக்கங்களின் துண்டறிக்கைகளையும் பத்திரிகைகளையும் சேர்த்தார். யார் வந்தாலும் கதவைத் திறந்துவிட்டார்.

1972இல் வெடித்தது. நிறுவனம் யாருக்காக என்ற கேள்வியில் ஊழியர்களும் உறுப்பினர்களும் ஆட்சிக்குழுவை எதிர்த்து நின்றார்கள். வாக்கெடுப்பில் ஆட்சிக்குழு தோற்றது. அதன் உறுப்பினர்கள் விலகினார்கள். பணம் கொடுத்தவர்கள் போனார்கள். நூலகர் இயக்குநரானார். ‘ரேஸ்’ என்ற ஆய்விதழ் 1974இல் ‘ரேஸ் அண்ட் கிளாஸ்’ ஆனது. கேள்வியும் மாறியது. கறுப்பின மக்கள் ஏன் பிரச்சினையாக இருக்கிறார்கள் என்பதல்ல. இந்த அரசும் இந்தச் சமூகமும் ஏன் நிறவெறியோடு இருக்கின்றன என்பதே கேள்வி. ஏன் எங்கள் நாட்டுக்கு வந்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு, நீங்கள் முதலில் எங்கள் நாட்டுக்கு வந்ததால்தான் என்று பதில் சொன்ன தலைமுறையின் குரல் சிவானந்தன். 2018இல் இறக்கும்வரை அதை அவர் விடவில்லை. நம் மொழியில் இதை இப்படிச் சொல்லலாம்: தலித் மக்களின் ‘பின்தங்கிய நிலை’ குறித்து ஆய்வு செய்வதை விட்டுவிட்டு, ஊரின் சாதிவெறியை ஆய்வு செய்.

தற்செயல்தான், ஆனால் சொல்லிவிடுகிறேன். அதே 1972இல் இந்தியாவிலும் ஒரு சிறு காரியம் நடந்தது. பழைய ஐ.சி.எஸ். அதிகாரிகளின் சலுகைகளைப் பாதுகாத்துவந்த அரசமைப்புச் சட்டத்தின் 314ஆவது பிரிவு, 28ஆவது திருத்தத்தால் நீக்கப்பட்டது. சட்டத்திலிருந்து காவலர்கள் போய்விட்டார்கள். நம் மனத்திலிருந்து போகவில்லை. அதனால்தான் ஒரு காணொளி போதும், நாம் உருகிவிடுகிறோம்.

மேசனைப் படிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. படியுங்கள். ஆண்டவர்கள் தங்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதை அவரைப் போல நேர்மையாகச் சொன்னவர்கள் குறைவு. ஆனால் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் யாருக்குப் பெயர் இருக்கிறது, யார் வெறும் ‘கூட்டம்’? இந்த நல்லவரைக் கேள்வி கேட்கவும் விலக்கவும் யாருக்கு அதிகாரம் இருந்தது? அவர் கொடுத்ததாகச் சொல்லப்படுவதை முதலில் கேட்டவர் யார்? கலெக்டர் காணொளிக்கும் இதே மூன்று கேள்விகள் போதும்.

அதோடு நிற்காமல் எழுதுங்கள். உங்கள் சேரியில் முதன்முதலில் செருப்புப் போட்டு ஊர்த்தெருவில் நடந்த தாத்தா இருப்பார். இரட்டைக் குவளையைப் போட்டு உடைத்த சித்தப்பா இருப்பார். பஞ்சமி நிலப் பட்டாவைத் தேடித் தாலுகா ஆபீசுக்கு இருபது வருடம் நடந்த அத்தை இருப்பார். அவர்களிடம் கைப்பேசியை நீட்டிப் பதிவு செய்யுங்கள். தேதியைக் கேட்டு எழுதுங்கள், மனுவின் நகலை வாங்கி வையுங்கள். அவர்களின் வாழ்க்கை வரலாறுதான் நம் ஊரின் வரலாறு.

நான் பகிர்ந்த அந்தக் காணொளியை அழிக்கவில்லை. அதன் கீழே ஒரு கேள்வியை மட்டும் எழுதினேன். அந்தப் பள்ளியின் கழிப்பறைக்குக் கதவு எப்போது வரும்? இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. அதே கேள்வியை ஒரு காகிதத்தில் மனுவாகவும் எழுதியிருக்கிறோம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் பிள்ளைகளின் அம்மாக்களோடு போகிறோம். கலெக்டர் நல்லவராக இருந்தால் மகிழ்ச்சி. இல்லாவிட்டாலும் அடுத்த திங்கட்கிழமையும் போவோம்.